புலிவரிக் கொடியும் தோற்சின்னம் வைத்த தலைப்பாகையும்

திப்பு சுல்தானின் வாள்களிலும் துப்பாக்கிகளிலும் காணப்படும் புலிமுகத்தை முதன்முதலிற் பார்ப்பவர், அதனை வெறும் அலங்காரச் சித்திரம் என்றே எண்ணுவார். இரண்டு கண்கள், ஒரு மூக்கு, கன்னங்களில் வளைந்து செல்லும் வரிகள். அரபு எழுத்துப் பழக்கம் உள்ளவர் சற்று நின்று நோக்கினால் கோடுகள் எழுத்துகளாக மாறத் தொடங்கும். வலப்புறம் எழுதியதை இடப்புறம் கண்ணாடியிற் பார்ப்பதுபோல் திருப்பி எழுதி, இரண்டையும் இணைத்து முகமாக்கியிருக்கிறான் அந்தக் கலைஞன். எழுதப்பட்டிருப்பது 'அஸதுல்லாஹில் ஙாலிப்'. வெற்றி கொள்ளும் அல்லாஹ்வின் சிங்கம் என்பது அதன் பொருள்.

எழுத்திலே இருப்பது சிங்கம், உருவத்திலே இருப்பது புலி. அஸத் என்றால் சிங்கம் என்பதை அரபு மத்ரசாவிற் சில மாதங்கள் ஓதிய பிள்ளையும் சொல்லும். அப்படியிருக்க மைசூர் அரண்மனையில் அது எப்படி வரி போட்டுக்கொண்டது? இதற்கு விடை மொழிகளுக்கு இடையே கிடக்கிறது. பாரசீகத்தில் 'ஷேர்' எனப்படுவது சிங்கம். அதே சொல் உர்துவுக்கும் ஹிந்துஸ்தானிக்கும் வந்தபோது, புலியையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. தக்காணத்துக் காட்டிலே மனிதன் அஞ்சி வாழ்ந்தது புலிக்கு. அரபுத் தேசத்துச் சிங்கம் அந்தக் காட்டை அடைந்தபோது அந்தக் காட்டின் தோலைப் போர்த்துக்கொண்டது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். எமது முன்னோர் அரபுத் தமிழில் செய்ததும் ஏறத்தாழ இதுவேயல்லவா? எழுத்து அங்கிருந்து வந்தது; உடல் இங்கே இருந்தது.

அஸதுல்லாஹ் என்பது ஹஸ்ரத் அலி (றழி) அவர்களின் சிறப்புப் பெயர். ஹைதர் என்பதும் அவர்களுக்குரிய பெயரே. அதன் பொருளும் சிங்கம்தான். ஆகவே ஹைதர் அலி என்ற தந்தையின் பெயரிலேயே இந்த இலச்சினை உறங்கிக்கொண்டிருந்தது. தந்தை தமது நாணயங்களில் தமது பெயரின் முதலெழுத்தான 'ஹா' ஒன்றை மட்டும் பொறித்தார். மகன் அந்த எழுத்தையும் கைவிடாமற் காத்து, அதனருகே புலியையும் கொண்டுவந்து நிறுத்தினார். திப்பு என்ற சொல்லுக்கே கன்னடத்தில் புலி என்று பொருள் என்று சிலர் எழுதுகின்றனர். அது பொருந்தாது. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவ்லியாவின் பெயரே அவருக்கு இடப்பட்டது. கன்னட நாட்டை ஆண்ட மன்னரின் பெயர் தமிழ்மண்ணின் தர்ஹா ஒன்றிலிருந்து போயிருக்கிறது. அந்த ஆற்காடு இக்கட்டுரையில் மீண்டும் வரும், வேறு முகத்தோடு.

பொதுவாக ஒரு படையின் சின்னம் கொடியிலும் தொப்பியிலும் இருக்கும். திப்புவிடம் அது எங்கும் இருந்தது. காலாட்படையினர் அணிந்த ஊதாநிறச் சட்டையில் வெண்ணிறக் கோலம் இருந்தது. ஆங்கிலேயர் அதனைப் புலிச்சட்டை என்றனர். நீண்டு இருமுனையும் வளைந்த அந்த வரிக்கு 'பப்ரி' என்று பெயர். பீரங்கி வாய் புலிவாயாக வார்க்கப்பட்டது. குறும்பீரங்கிகள் சில குந்தியிருக்கும் புலியாகவே செய்யப்பட்டன. வாட்பிடியிற் புலித்தலை, அரியணையின் அடியிற் பொன்தகடு போர்த்திய பெரும் புலித்தலை, அதன் சுற்றுக் கிராதியில் இரத்தினம் பதித்த சிறு புலித்தலைகள். இவை போதாதென்று ஸ்ரீரங்கபட்டண அரண்மனையருகே உயிருள்ள புலிகளும் வளர்க்கப்பட்டன. படைப்பிரிவு ஒன்றின் பெயரும் 'அஸத் இலாஹி' என்பதே.

வெள்ளைக்காரனைக் கவ்விக்கொண்டிருக்கும் மரப்புலியை எல்லோரும் அறிவர். கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், கீழே கிடப்பவனின் கை உயரும், அவன் ஓலமிடுவான். லண்டன் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் இருக்கும் அதனைப் பற்றி எழுதப்பட்டது அதிகம். எனக்கென்னவோ அந்தப் பொம்மையைவிட எழுத்தாலான அந்தச் சிறிய முகமே பெரிது. பொம்மையில் இருப்பது ஆத்திரம். முகத்தில் இருப்பது ஓர் அரசனின் துஆ.

திப்புவை அவ்லியாவாக்கும் எழுத்துகள் எம்மிடையே உண்டு. கொடுங்கோலனாக மட்டும் காட்டும் எழுத்துகள் இந்தியாவில் உண்டு. இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. மராட்டியக் குதிரைப்படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது அதற்கு உதவி அனுப்பியவரும் அவரே. குடகிலும் மலபாரிலும் மக்களைக் கூட்டங்கூட்டமாகச் சிறைபிடித்து மதம் மாற்றியவரும் அவரே. மேலே சொன்ன அஸத் இலாஹிப் பிரிவில் இருந்தோர் அப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள்தாம். அல்லாஹ்வின் சிங்கம் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ள அவர்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. இலச்சினை ஒன்றின் அழகைப் பேசும்போது, அதை அணிந்தவன் மனத்தோடு அணிந்தானா என்பதையும் பேசத்தான் வேண்டும்.

1799 மே 4 ஆம் திகதி ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தது. திப்பு கோட்டைவாயிலருகே பொருது மடிந்தார். அரியணை பங்குபோடுவதற்காக உடைக்கப்பட்டது. புலிகளுக்குத் தீன் போட ஆளில்லை. எவரேனும் பொறுப்பேற்காவிடில் அவற்றைச் சுட்டுக்கொல்லக் கட்டளையிட வேண்டிவரும் என்று, கோட்டைக்குப் பொறுப்பாயிருந்த ஆதர் வெலஸ்லி எழுதினார். பின்னாளில் நெப்போலியனை வென்ற அதே வெலஸ்லி.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. கிழக்கிந்தியக் கம்பனி தனது வெற்றிக்கு ஒரு பதக்கம் செய்வித்தது. பேர்மிங்ஹாமில் மத்தியூ போல்டனின் நாணயச்சாலையில் அது அடிக்கப்பட்டது, வடிவமைத்தவர் கூக்லர். 1808 இல் அது வழங்கப்பட்டது. மேலதிகாரிகளுக்குப் பொன், தரம் இறங்க இறங்க வெள்ளி, வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். பதக்கத்தின் ஒரு புறத்திற் பிரித்தானியச் சிங்கம் மைசூர்ப் புலியை மல்லாத்தி அதன்மேல் நிற்கிறது. சிங்கத்துக்கு மேலே கொடி. கொடியில் அரபு எழுத்து. என்ன எழுத்து?

'அஸதுல்லாஹில் ஙாலிப்.'

ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை. புலியின் முகமாக இருந்த வசனம் புலியை மிதிப்பவனின் கொடிக்குப் போய்விட்டது. தோற்றவனின் ஆயுதத்தை எடுப்பது போர்வழக்கம்; தோற்றவனின் துஆவை எடுத்துக்கொள்வதை வேறெங்கும் நான் படித்ததில்லை. இதைச் சொல்லிக்கொடுத்தவர் அரபும் பாரசீகமும் நன்கு கற்றவராகத்தான் இருக்கவேண்டும். சிங்கத்துக்கும் புலிக்கும் இடையில் மொழி விட்டுவைத்திருந்த சந்தைக் கண்டுபிடித்து, அதனுள்ளே நுழைந்திருக்கிறார். 'நீங்கள் சிங்கம் என்று எழுதிப் புலியை வரைந்தீர்கள். மெய்யான சிங்கம் நாங்களே' என்பதல்லவா இதன் அர்த்தம்? பதக்கத்தைப் பெற்ற சென்னைப் படைச் சிப்பாய்களில் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த முஸ்லிம்களும் இருந்தார்கள். ஈயத்துண்டைக் கையில் வைத்து அதை வாசித்தபோது அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்?

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது பத்தாம் தரத்துப் பிள்ளையொன்று எழும்பி, "சேர், அப்ப புலிக்கொடி சோழன்டயா, திப்புடயா, மத்தாக்கள்டயா?" என்று கேட்டது. மத்தாக்கள் என்றால் யார் என்று இந்த நாட்டில் விளக்கவேண்டியதில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களையும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெறுங்கையோடு துரத்தப்பட்டவர்களையும் சொந்தத்தில் வைத்திருக்கும் பிள்ளைகள் என் முன்னால் இருந்தார்கள். மூன்றுக்கும் பரம்பரைத் தொடர்பு கிடையாது என்றேன். சோழனின் புலி முத்திரையிலிருந்து திப்புவின் புலி பிறக்கவில்லை. விலங்கு ஒன்றுதான், வரைந்த கைகள் வேறு, அதன் நகம் பட்ட உடல்களும் வேறு. சிங்கமும் புலியும் சண்டையிடும் படத்தைப் பார்த்து நாங்கள் எந்தப் பக்கம் என்று கேட்கும் பழக்கம் எமது பிள்ளைகளுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை நான் கண்டிக்கவில்லை.

இனி வேலூர்.

பதக்கம் கைக்குக் கிடைப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே சென்னைப் படையில் இலச்சினை பற்றிய வேறொரு சண்டை மூண்டது. தளபதி ஜெனரல் ஜோன் கிரடொக் தமது சிப்பாய்களை ஒரே சீராக்க விரும்பினார். 1805 நவம்பரில் புதிய தலைப்பாகை ஒன்று அங்கீகரிக்கப்பட்டது. பெயர்தான் தலைப்பாகை, உருவத்தில் அது வட்டத் தொப்பி. முன்புறத்தில் தோலினாற் செய்த சின்னம், மேலே குஞ்சம். அடுத்த ஆண்டு மார்ச்சில் வேறு விதிகளும் வந்தன. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதிக்குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. நாடி மழிக்கப்பட வேண்டும். மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும்.

ஒரு கட்டளைத்தாளில் இத்தனை பேரைப் புண்படுத்த முடிந்தது ஆச்சரியமே. நாமம் இட்டவனுக்கு நெற்றி போயிற்று; தாடி வைத்தவனுக்கு முகம் போயிற்று. தோல் பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற சந்தேகம் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்தது. தொப்பியோ அக்காலத் தமிழில் ஐரோப்பியனின் அடையாளம். தொப்பிக்காரன் என்றாலே பறங்கி. அதைத் தலையில் வைத்தால் அடுத்தது மதமாற்றந்தான் என்று கடைத்தெருவிலே பேசிக்கொண்டார்கள். இரண்டு நூற்றாண்டுக்குள் இந்தச் சொல் எப்படிப் புரண்டிருக்கிறது பாருங்கள். எமது நாட்டில் தொப்பி என்றால் முஸ்லிம். 'தொப்பி பிரட்டி' என்று எம்மை ஏசவும் அது பயன்பட்டது. 1905 இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர்நீதிமன்றத்திற்குச் சென்றபோது, பிரதம நீதியரசர் லேயார்ட் அதை அனுமதிக்கவில்லை. அவ்வாண்டின் இறுதி நாளில் மருதானையில் பல்லாயிரவர் கூடியதும், ஈற்றில் அந்த உரிமை பெறப்பட்டதும் நாம் பெருமையோடு நினைவுகூரும் வரலாறு. வேலூரில் தொப்பியை வைக்கமாட்டோம் என்றார்கள். கொழும்பில் தொப்பியைக் கழற்றமாட்டோம் என்றார்கள். இரண்டும் ஒரே வழக்கு என்பது என் எண்ணம். என் தலைக்கு மேலே இருப்பதைத் தீர்மானிப்பவன் யார் என்பதே அந்த வழக்கு.

1806 மே மாதத்தில் வேலூரிலிருந்த 4 ஆவது படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளத்தார் புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். 21 பேர் விசாரிக்கப்பட்டனர். ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் தலா 900 கசையடி, பின் பணிநீக்கம். மற்றைய 19 பேருக்கு 500 கசையடி விதிக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டதும் தண்டனை தள்ளுபடியானது. தண்டனையைக்கூட மதத்துக்கு ஒருவர் என்று பிரித்ததுபோல் அமைந்துவிட்டது.

ஜூன் 17 ஆம் திகதி முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தனது கட்டளை அதிகாரி போர்ப்ஸிடம் சென்று சதி நடக்கிறது என்று சொன்னான். போர்ப்ஸ் இதைப் பட்டாளத்து இந்திய அதிகாரிகளிடமே விசாரிக்கக் கொடுத்தார். அவர்களிற் பலர் சதியில் இருந்தவர்கள். இவன் பைத்தியக்காரன் என்று கூறி விலங்கு மாட்டினார்கள். எல்லாம் முடிந்தபின் முஸ்தபா பேக்குக்குப் பணமுடிப்பும் ஓய்வூதியமும் கிடைத்தன. காட்டிக்கொடுத்தவன் என்பதா, நூற்றுக்கணக்கான உயிர்களைக் காக்க முயன்றவன் என்பதா? நான் அவனை எளிதில் ஏசமாட்டேன். அவன் சொல்லைக் கேட்டிருந்தால் பல தாய்மார் அழுதிருக்கமாட்டார்கள்.

வேலூர்க் கோட்டைக்குள் மூன்று சென்னைப் பட்டாளங்களும் 69 ஆவது ஐரோப்பியப் படைப்பிரிவின் நான்கு கம்பனிகளும் இருந்தன. அரண்மனைகளிலே திப்புவின் பிள்ளைகளும் பெண்களும் 1799 முதற் காவலில் இருந்தனர். ஜூலை 9 ஆம் திகதி திப்புவின் மகளொருத்திக்குக் கல்யாணம். அந்த இரவு கழிந்து 10 ஆம் திகதி விடிவதற்குள் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைத் தளபதி கேர்ணல் பன்கோர்ட் கொல்லப்பட்டார். படுக்கையிற் கிடந்த ஐரோப்பியச் சிப்பாய்கள்மீது வெளியிலிருந்து சுட்டார்கள். வைத்தியசாலையில் இருந்த நோயாளிகளையும் விடவில்லை. 14 அதிகாரிகளும் 69 ஆவது பிரிவினர் 115 பேரும் அங்கே மாண்டனர். விடுதலைப் போரின் முதற் பொறி என்று வேலூரைப் பாடுவோர் இந்த வைத்தியசாலையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விடிந்தபோது கோட்டைக் கம்பத்தில் கம்பனியின் கொடி இல்லை. சிவப்பு நிலத்தில் பச்சைப் புலிவரியும் நடுவே சூரியனும் கொண்ட மைசூர்க் கொடி அங்கே பறந்தது. திப்பு மடிந்து ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதை ஏற்றியவர்கள் கம்பனியின் சம்பளம் வாங்கியவர்கள். அவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். திப்புவுக்கு எதிராகப் போரிட்டவர்களும் திப்புவின் பக்கம் நின்றவர்களும் அந்த வரிசையில் கலந்திருந்திருப்பார்கள். இவர்களெல்லாம் புலிவரியின்கீழ் ஏன் கூடினார்கள்? மைசூர் அரசின்மேல் எழுந்த திடீர்ப் பாசம் என்று நான் நம்பவில்லை. நெற்றியையும் தாடியையும் காதையும் பறிகொடுத்தவனுக்கு உடுத்திக்கொள்ள ஒரு சின்னம் தேவைப்பட்டது. கைக்கெட்டிய தூரத்தில், அரண்மனைக்குள், ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. மூத்த இளவரசர் பதேஹ் ஹைதரைத் தலைமை ஏற்கும்படி அழைத்தார்கள். அவர் முன்வரவில்லை. கொடி இருந்தது, அதைப் பிடித்து நடத்த ஆளில்லை. பலர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள்.

சுமார் 25 கிலோமீற்றர் தூரத்து ஆற்காட்டிலிருந்து றொலோ கில்லஸ்பி 19 ஆவது இலகு குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். திப்புவுக்குப் பெயர் தந்த அதே ஆற்காடு. வந்த படையும் சின்னம் இல்லாத படையல்ல. 1803 இல் மராட்டியருக்கெதிரான அசாயே போருக்காக யானைச் சின்னம் வழங்கப்பட்ட படை. அந்த யானையை இன்று இந்தியாவின் மெட்ராஸ் ரெஜிமென்ட் தனது இலச்சினையில் வைத்திருக்கிறது. கில்லஸ்பியோடு சென்னைக் குதிரைப்படையின் இந்தியர்களும் வந்து சக இந்தியர்களை வெட்டினார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். கோட்டைமேலிருந்தவர்கள் விட்ட கயிற்றைப் பற்றிக் கில்லஸ்பி மதிலேறினார். வாயில் பீரங்கியால் தகர்க்கப்பட்டது. அரண்மனையில் ஒளிந்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்கள் ஒரு சுவரோரம் நிறுத்தப்பட்டுச் சுட்டுத் தள்ளப்பட்டார்கள். மொத்தத்தில் 350 பேருக்குக் குறையாமல் மாண்டனர் என்பர். பின்னர் விசாரணையில் ஆறு பேர் பீரங்கிவாயிற் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர்.

புதிய தலைப்பாகை விரைவிலேயே கைவிடப்பட்டது. விசாரணைக் குழு இரண்டு காரணங்களைச் சொல்லிற்று: உடைவிதி ஒன்று, திப்புவின் குடும்பம் அங்கிருந்தமை மற்றொன்று. கிரடொக்கும் ஆளுநர் வில்லியம் பென்டிங்க் பிரபுவும் 1807 இல் திருப்பி அழைக்கப்பட்டனர். திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. கலகம் செய்த பட்டாளங்கள் கலைக்கப்பட்டு, 1, 23 என்ற அவற்றின் எண்கள் சென்னைப் படையின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எண்ணும் ஓர் இலச்சினைதான்.

வேலூரின் கதை எம்மையும் தொடும். 1799 இல் ஸ்ரீரங்கபட்டண மதிலை உடைத்தேறிய படைகளில் ஒன்றான 73 ஆவது படைப்பிரிவே 1815 இல் கண்டி வீழ்ந்தபோது இங்கே இருந்தது. சிறைபிடிக்கப்பட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816 இல் அனுப்பப்பட்ட இடம் அதே வேலூர்க் கோட்டை. பத்தாண்டுக்கு முன் புலிவரிக் கொடி ஏறி இறங்கிய மதில்களுக்குள்ளே சிங்கக்கொடியின் கடைசி அரசன் 1832 இல் இறக்கும்வரை வாழ்ந்தான். திப்பு மஹால், ஹைதர் மஹால் என்பவற்றோடு கண்டி மஹால் என்ற பெயரும் அங்கே நிலைத்திருக்கிறது.

அவனுடைய அரியணை வின்ட்சர் கோட்டைக்குப் போனது. கைப்பிடிகளாகச் சிங்கங்கள் அமைந்த அந்த அரியணை 1934 இல் திரும்பி வந்து, கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. திப்புவின் அரியணைப் புலித்தலை இன்னமும் வின்ட்சரிலேயே. கண்டியின் சிங்கக்கொடியை லண்டன் செல்சி மருத்துவமனை மண்டபத்தில் ஈ.டபிள்யூ. பெரேரா தேடிக் கண்டுபிடித்தார். 1948 இல் அது சுதந்திர இலங்கையின் கொடியாக ஏறியபோது அதில் எமக்கென்று எதுவும் இருக்கவில்லை. பின்னர் அமைந்த தேசியக் கொடிக் குழுவில் டீ.பீ. ஜாயாவும் அங்கம் வகித்தார். தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையுமாக இரண்டு கோடுகள் சேர்க்கப்பட்டன. செனட்டர் நடேசன் உடன்படாமல் கையொப்பமிட மறுத்தார். 1951 முதல் அந்தப் பச்சைக்கோடு சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே, கம்பத்தின் பக்கமாக நிற்கிறது.